ஐப்பசி மழையில் ஊருக்குப் போகும் குட்டிக்கு என்னென்ன வாங்கணும்?

கேள்வி: அக்கா, நாங்கள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். பையனுக்கு ஒன்றரை வயது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அதனால் தீபாவளி முடிந்த கையோடு பொன்னேரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய், கார்த்திகை தீபம் வரைக்கும் அங்கேயே இருக்கப் போகிறோம். ஓட்டு வீடு, சுற்றிலும் வயல். ஆன்லைனில் 'மழைக்கால பேபி கிட்' என்று குடைக் கொசுவலை, ரெயின்கோட், கொசு விரட்டும் கைப்பட்டை, குட்டி பூட்ஸ் எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய்க்கு வருகிறது. வாங்கிவிடலாமா? வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஐப்பசி, கார்த்திகையில் வயல் நடுவே ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு இருப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் அந்த கிட் வேண்டாம் சகோதரி. அதில் உங்கள் பையனுக்கு உண்மையில் தேவைப்படுவது கொசுவலை ஒன்றுதான். அதுவும் அவன் வயசுக்கான வலை இல்லை.

குடை மாதிரி விரித்துக் கவிழ்க்கிற வலை, புரளத் தெரியாத பச்சைக் குழந்தைக்கு. ஒன்றரை வயசுப் பிள்ளை ராத்திரி தூக்கத்தில் உருண்டு போய் வலையின் ஓரத்தில் முகத்தை ஒட்டிப் படுத்துக்கொள்வான். கொசு வெளியிலிருந்தே வலை வழியாகக் கடிக்கும். என் மகளுக்கு அப்படித்தான் ஒரு காதும் கன்னமும் மட்டும் வீங்கியிருந்தது, இரண்டு நாள் எனக்குக் காரணமே பிடிபடவில்லை. நீங்கள் வாங்க வேண்டியது நாலு மூலையிலும் கயிறு கட்டுகிற பெரிய வலை. நீங்களும் அவனும் சேர்ந்து படுக்கும் அளவுக்கு இருக்கட்டும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலேயே கிடைக்கும். கடையில் மடிப்பைப் பிரித்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மூலையில் கயிறு தைத்திருக்கும் இடத்தை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள், ஒற்றைத் தையலாக இருந்தால் ஊருக்குப் போன மூன்றாம் நாளே பிய்ந்துவிடும். உயரம் போக, படுக்கைக்கு அடியில் ஒரு முழம் செருகுவதற்கு மிச்சம் வர வேண்டும். கடைக்காரர் கட்டில் அளவு மட்டும்தான் கேட்பார், செருகும் அளவை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அந்த ஒரு முழத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் கொசு மட்டும் இல்லை. மழையில் வளைகளில் தண்ணீர் ஏறும்போது பாம்பு மேட்டுக்கு, வீட்டுக்கு வரும். கட்டுவிரியன் ராத்திரியில் திரிவது, தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடம் வலிக்காமல், வீங்காமல்கூட இருக்கும். குழந்தையைத் தரையில் போடாதீர்கள். கட்டிலில் படுக்க வைத்து, வலையைச் சுற்றிலும் மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். ஒருவேளை கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது எதுவும் கூடாது. 108க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். தலைமாட்டில் நல்ல டார்ச் ஒன்று இருக்கட்டும். கிட்டுக்குக் கொடுக்க இருந்த பணத்தில் முதல் செலவு வலை, இரண்டாவது டார்ச்.

பகல் தூக்கத்துக்கும் வலையைக் கட்டுங்கள். டெங்கு கொசு பகலில் கடிப்பது. அந்தக் கைப்பட்டை மணிக்கட்டைச் சுற்றி ஒரு சாண் இடத்தைக்கூடக் காப்பாற்றாது, பையன் அதை வாயில் வைத்துக் கடிப்பதுதான் நடக்கும். மூடிய அறைக்குள் கொசுவர்த்தியும் ஏற்றாதீர்கள், அந்தப் புகை சின்ன மூச்சுக்குழலுக்கு ஆகாது.

ரெயின்கோட்? அவன் இன்னும் உங்கள் இடுப்பில்தானே வெளியே போகிறான். ஆம்பிளைகள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை ஒன்று போதும். பிளாஸ்டிக் கோட்டுக்குள் பிள்ளை வியர்த்து நனைந்துவிடுகிறான், மழையில் நனைவதை விட அது மோசம். பணத்தைத் துணியில் போடுங்கள். ஐப்பசியில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரவாடை அடிக்கும். முழுக்கை வைத்த மெல்லிய பருத்தி உடை ஏழெட்டு செட், ஒரு சைஸ் பெரியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

டயப்பர் மட்டும் கணக்குப் பார்த்து வாங்குங்கள். ஒரு நாளைக்கு நாலு என்றாலும் 40 நாளைக்கு 160. மொத்தமாக வாங்காதீர்கள், இந்த வயசில் எடை ஏறினால் சைஸ் மாறிவிடும். பாதி இங்கே வாங்கிக்கொண்டு மீதியைப் பொன்னேரியில் வாங்கலாம். பாக்கெட்டின் முகப்பில் இருக்கும் தள்ளுபடியைப் பார்க்காமல் ஒன்றுக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். 56 எண்ணம் 700 ரூபாய் என்றால் ஒன்று 12.50. 20 எண்ணம் 290 என்றால் 14.50. குழந்தை டயப்பருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பில்லில் அந்த வரியைக் கட்டாயம் பாருங்கள். ஊரில் குப்பை வண்டி வராது என்பதையும் நினைவில் வையுங்கள். வாய்க்காலில் போடாமல், கிணற்றுக்குத் தள்ளி ஆழக் குழி வெட்டி மூடச் சொல்லுங்கள்.

கேள்வி: போன மழைக்கு ஊரில் இருந்தபோது என் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு. மெடிக்கலில் ஓ.ஆர்.எஸ். கேட்டேன், ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிற ஆப்பிள் சுவை டப்பா கொடுத்தார்கள். குடித்தும் நிற்கவில்லை. பவுடர் பாக்கெட்டும் அதுவும் ஒன்றுதானா? — ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: ஒன்றே இல்லை. உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது, அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். டப்பாவில் பெரிய எழுத்தில் ஓ.ஆர்.எஸ். என்று இருந்தது, நானும் நம்பிக் கொடுத்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, அது சர்க்கரை தூக்கலான பழச்சாறு. சர்க்கரை அதிகமானால் குடல் தண்ணீரை உள்ளே இழுக்காது, வெளியே தள்ளும். போக்கு கூடுமே தவிரக் குறையாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது: ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கூட்டினால் 20.5 கிராம். இந்த நாலு பெயரும், ஒரு லிட்டருக்கு இந்த அளவு என்ற கணக்கும் பாக்கெட்டில் இருந்தால் அது ஓ.ஆர்.எஸ். இல்லையென்றால் பெயர் என்னவாக இருந்தாலும் வேண்டாம். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் விடாமல் போராடியதன் பலனாக, இந்த அளவில் இல்லாத பானங்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்று பெயர் வைக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவு போட்டது. ஆனாலும் கடையில் நீட்டுவதை அப்படியே வாங்காமல் திருப்பிப் படியுங்கள்.

பெரிய பாக்கெட்டைப் பிரித்து அரை டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்குகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது தப்பு. உப்பு கூடிப்போகும். கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையாகக் கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 200 மில்லிக்கான குட்டிப் பாக்கெட்டும் உண்டு, ஊருக்கு அதுதான் சௌகரியம். இரண்டு வயசுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடியும் கொடுங்கள். சிறுநீர் போகவில்லை, கண் குழிவிழுந்திருக்கிறது, பிள்ளை துவண்டு படுக்கிறது என்றால் பாக்கெட்டை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். இலவசமாகவே கொடுப்பார்கள், ஊருக்குப் போன முதல் வாரமே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருவொற்றியூரிலிருந்து மீஞ்சூர் தாண்டி மாமனார் ஊருக்கு வாரா வாரம் பைக்கில் போகிறோம். பையனுக்கு இரண்டு வயது. முதுகோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் 600 ரூபாய்க்குப் பார்த்தேன். வாங்கினால் போதுமா?

பதில்: பெல்ட் மட்டும் போதாது தம்பி. நாலு வயசுக்கு உட்பட்ட பிள்ளையைப் பைக்கில் கூட்டிப் போக 2023 பிப்ரவரி 15 முதல் மத்திய மோட்டார் வாகன விதியில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. ஓட்டுகிறவரோடு பிள்ளையைப் பிணைக்கிற பாதுகாப்புப் பட்டை வேண்டும். ஒன்பது மாதம் முதல் நாலு வயசு வரை தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பட்டை 30 கிலோ வரை தாங்கும்படியும் தண்ணீர் இறங்காததாகவும் இருக்க வேண்டும் என்கிறது விதி. 600 ரூபாய்ப் பெல்ட்டில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கிளைப் போட்டுவிட்டுப் பலமாக இழுத்துப் பாருங்கள், நழுவினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பெரியவர் ஹெல்மெட்டைப் பிள்ளைக்குக் கவிழ்ப்பது ஹெல்மெட் போடாததற்குச் சமம்.

இதெல்லாம் வாங்கிய பிறகும் மழை நாளில் அந்த ரோட்டில் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். எண்ணூர், மணலி கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோடு அது. பள்ளம் எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியாது. உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே திருவொற்றியூர் ஸ்டேஷன் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி லோக்கல் மீஞ்சூரில் நிற்கும். ஐந்து வயசுக்குக் கீழே பிள்ளைக்கு டிக்கெட்டே வேண்டாம். மீஞ்சூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடலாம்.

கேள்வி: கிராமத்து வீட்டில் ஓட இடம் இருக்கிறது, பத்து மாதப் பேத்திக்கு வாக்கர் வாங்கலாமா? — பாட்டி, ராயபுரம்

பதில்: வேண்டாம் அம்மா. படி, திண்ணை, முற்றத்து வழுக்கல் என்று கிராமத்து வீட்டில் வாக்கர் கவிழ வழி நிறைய. கனடா 2004லேயே விற்கத் தடை போட்ட பொருள் அது. பொம்மை வாங்கிக் கொடுங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து. 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு அது கட்டாயம். முத்திரைக்குக் கீழே இருக்கும் லைசென்ஸ் எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் போட்டால் அசலா போலியா என்று காட்டிவிடும்.

கேள்வி: ஊருக்கு எடுத்துப் போகத் தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் குழந்தைக்கு கம்பூட் வாங்கினேன். முதல் நாளே அடிப்பாகம் பிரிந்துவிட்டது. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று போர்டைக் காட்டுகிறார்கள். பில் என்று கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு.

பதில்: அந்த போர்டுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளைக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் எஸ்டிமேட் சீட்டில் விற்பதும் அதே கணக்கில்தான் வரும். துண்டுச் சீட்டு, ஜிபே செய்திருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட், பிரிந்த பூட்ஸின் போட்டோ மூன்றும் சேர்ந்தால் வாங்கியதற்கு ஆதாரம்.

கடையில் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் முடியாவிட்டால் வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம். ஆனால் ஒரு ஜோடி பூட்ஸுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வராது என்றே நினைக்கிறேன். தீபாவளிக் கூட்டம் நெருக்குகிற சாயங்காலத்தில் போகாதீர்கள். காலையில் கடை திறந்து முதலாளி கல்லாவில் உட்காரும் நேரத்தில் போய், சட்டத்தில் 30 நாள் இருக்கிறது என்று நிதானமாகச் சொல்லுங்கள். மாற்றிக் கொடுத்தால், ஊருக்குக் கிளம்பும் முன்பே வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் நிற்க வைத்து, உள்ளே கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.