எரிமலைக்குக் கீழே ஓடும் வெந்நீர்

கேள்வி: ஒரு எரிமலைப் பகுதியில் சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் வந்ததாகப் படித்தேன். மலை வெடிக்கப் போகிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: பெரும்பாலும் இல்லை. என்னைக் கேட்டால், முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள், பாறைக்குழம்பு அப்புறம்.

மழையும் பனியும் பாறைப் பிளவுகள் வழியே சில கிலோமீட்டர் ஆழம் வரை இறங்குகின்றன. அங்கே சூடாகி மேலேறுகின்றன. ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் நூறு டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் ஆவியாகாது. அமெரிக்காவின் எரிமலைப் பகுதியான யெல்லோஸ்டோனில் நோரிஸ் என்ற இடத்தில் 1960களில் துளை போட்டார்கள். 332 மீட்டர் ஆழத்திலேயே வெப்பநிலை சுமார் 238 டிகிரி செல்சியஸ்!

இவ்வளவு சூடான தண்ணீர் பாறையிலிருக்கும் சிலிக்காவை (மணலிலும் இருக்கும் தாது) கரைத்துக்கொள்ளும். மேலே வந்து ஆறும்போது அதை வழியிலேயே படியவிட்டுவிடும். வெந்நீர் கொதித்த பாத்திரத்தில் உப்பு படிவதைப் போலத்தான். நாளடைவில் பிளவு அடைபட, கீழே அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் பாறைப் பிளவின் இரு பக்கங்களையும் லேசாக விலக்குவதால், அவற்றைப் பிடித்து வைத்திருந்த உராய்வு குறைகிறது. ஏற்கெனவே இறுகிக் கிடந்த பாறை சட்டென்று நழுவுகிறது. அதுதான் உங்கள் சின்ன நிலநடுக்கம். நழுவியதும் புது வழி திறக்கிறது, தண்ணீர் அதில் புகுந்து அடுத்த பிளவைத் தொடுகிறது. அதனால்தான் இந்த மாதிரி அதிர்வுக் கூட்டத்தில் 'பெரிய அதிர்வு இது, மற்றதெல்லாம் பின்னதிர்வு' என்று பிரிக்க முடிவதில்லை. அதிர்வு மையங்களும் நாளுக்கு நாள் நகரும்.

ஜப்பானின் மட்சுஷிரோ இதற்கு அசத்தலான உதாரணம். அங்கே 1965 ஆகஸ்டில் ஆரம்பித்த அதிர்வுகள் சில ஆண்டுகளில் ஏழு லட்சத்தைத் தாண்டின. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை மக்களே உணர்ந்தார்கள். 1966இல் நிலம் பிளந்து உப்புத் தண்ணீர் பெருகியது. எரிமலை மட்டும் வெடிக்கவில்லை. யெல்லோஸ்டோனிலும் 1985 அக்டோபரில் தொடங்கி மூன்று மாதங்களில் 3,000க்கும் மேற்பட்ட அதிர்வுகள் வந்தன. பல பத்தாண்டுகளாக மேலெழும்பிக்கொண்டிருந்த நிலம் அதையொட்டித் தாழத் தொடங்கியது. உள்ளே அடைபட்டிருந்த சூடான திரவம் பக்கவாட்டில் கசிந்து வெளியேறியதுதான் காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது.

கேள்வி: நிலநடுக்கம் வந்தால் வெந்நீர் ஊற்றுகள் மாறுமா?

பதில்: நன்றாகவே மாறும். 1959 ஆகஸ்ட் 17 இரவு யெல்லோஸ்டோனுக்குப் பக்கத்தில் 7.3 அளவில் ஒரு நிலநடுக்கம். அங்கே சஃபையர் குளம் என்று தெளிந்த நீல நிறத்தில் ஒரு வெந்நீர்க் குளம் உண்டு. அதன் கரையைச் சுற்றி பிஸ்கட் வடிவத்தில் சிலிக்காக் கட்டிகள் படிந்திருந்தன. அந்த இடத்துக்கே பிஸ்கட் பேசின் என்றுதான் பெயர். நிலநடுக்கத்துக்குப் பிறகு குளம் மூர்க்கமாகப் பீறிட்டு அந்தக் கட்டிகளைப் பெயர்த்து எறிந்துவிட்டது.

அதிர்வு பக்கத்தில்தான் வரவேண்டும் என்றுகூட இல்லை. 2002 நவம்பரில் அலாஸ்காவின் டெனாலியில் 7.9 அளவு நிலநடுக்கம். 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் யெல்லோஸ்டோனில் சில ஊற்றுகள் பீறிடும் இடைவெளி மாறியது. சில மணி நேரத்துக்குள் அங்கேயும் சிறு அதிர்வுகள் கிளம்பின.

கேள்வி: அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லையா?

பதில்: அப்படி நான் சொல்லவே இல்லை. ஜப்பானின் ஒண்டாகே மலையில் 2014 செப்டம்பர் 27, நண்பகலுக்குச் சற்று முன் நடந்தது நீராவி வெடிப்புதான். புதுப் பாறைக்குழம்பு வெளியே வரவில்லை. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 63 பேர். இரண்டு வாரங்களுக்கு முன்பே சிறு அதிர்வுகள் கூடியிருந்தன. ஆனாலும் எச்சரிக்கை நிலை மிகக் கீழ்ப்படியிலேயே இருந்தது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அதிர்வு மையம் மேல்நோக்கி வருகிறதா, நிலம் உப்புகிறதா, என்ன வாயு வருகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இதில் எனக்குப் பிடித்தது வாயுதான். கந்தக டை ஆக்சைடு தண்ணீரில் சுலபமாகக் கரைந்துவிடும். கீழே தண்ணீர் நிறைய இருக்கும்வரை அது அவ்வளவாக மேலே வராது. திடீரென்று அது கூடினால், வழியிலிருந்த தண்ணீர் வற்றி, பாறைக்குழம்பு மேலே வந்துகொண்டிருக்கலாம்.