கோவையில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும்போது எங்கே சாப்பிடுவது? ஒரு விடுதி வார்டனின் பதில்கள்

பீளமேட்டுப் பக்கம் ஒரு மாணவியர் விடுதியில் 19 ஆண்டுகள் வார்டனாக இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், வாசலில் வெளியூர் வண்டிகள் வரிசையாக நிற்கும். இறங்கியதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "இங்கே நல்ல ஓட்டல் எதுங்க மேடம்?" இரவு அதே வண்டி திரும்பி வரும்போது, அந்தச் சாப்பாடு எப்படிப் போயிற்று என்பதைப் பிள்ளையின் முகத்திலேயே படித்துவிடலாம். இந்த முறை வந்த கேள்விகளுக்கு, அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்தே பதில் சொல்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு அம்மா: மகன் பிஎஸ்ஜி டெக்கில் முதலாண்டு சேர்ந்திருக்கிறான். சேர்த்துவிட்டு வந்த பிறகு முதல் தடவையாகப் பார்க்கப் போகிறோம். மாமியார், நாத்தனார் குடும்பம் எல்லாம் சேர்த்து ஏழு பேர். சனிக்கிழமை ராத்திரி எங்கே கூட்டிப் போகலாம்?

அம்மா, முதலில் தூரத்தைப் பாருங்கள். ஊரிலேயே பேர் பெற்ற ஓட்டல் என்று ஆர்.எஸ்.புரத்துக்கோ டவுன்ஹாலுக்கோ கிளம்பினால், சனிக்கிழமை மாலை நெரிசலில் போக ஒரு பாடு, வண்டி நிறுத்த இன்னொரு பாடு. பையனோடு பேச வேண்டிய நேரமெல்லாம் ரோட்டிலேயே கரைந்துவிடும். பிஎஸ்ஜி டெக் இருக்கும் பீளமேட்டிலேயே அசைவத்துக்கு ஹரிபவனம் இருக்கிறது. அவிநாசி சாலையை ஒட்டிச் சைவ ஓட்டல்களும் நிறைய. ஊரிலிருந்து காரில் வருவதாக இருந்தால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் வந்துவிட்டது. எங்கே இறங்க வேண்டும் என்று பார்க்காமல் மேலே ஏறினால், பீளமேட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

அடுத்தது நேரம். ஏழு பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் வேண்டுமென்றால் ஆறரைக்கெல்லாம் போய் உட்கார்ந்துவிடுங்கள். எட்டு மணிக்குப் போனால் வாசலில் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். அதுவும் மாமியாரை நிற்க வைத்துக்கொண்டு. மதியமே ஓட்டலுக்குப் போன் போட்டு நாலு விஷயம் கேளுங்கள். ஏழு பேருக்கு மேசை சேர்த்துப் போடுவார்களா? குடும்ப அறை கீழ்த்தளத்தில் இருக்கிறதா, மாடியிலா? மாடி என்றால் லிஃப்ட் உண்டா? கார் நிறுத்த இடம் இருக்கிறதா? இந்த நாலுக்கும் எந்த ஓட்டலில் பொறுமையாகப் பதில் சொல்கிறார்களோ, அங்கே போங்கள். போனிலேயே எரிந்து விழுகிற இடத்தில் சாம்பார் எவ்வளவு ருசியாக இருந்தாலும் பெரியவர்களோடு போய் உட்கார முடியாது.

விடுதிக்கு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் மகனிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு அரைமணி முன்னால் பில் மேசைக்கு வந்திருக்க வேண்டும்.

கரூரிலிருந்து ஒரு அப்பா: எங்கே போகலாம் என்று கேட்டால் பையன், "எதுன்னாலும் சரிப்பா" என்கிறான். கூட்டிப் போனால் பாதி தட்டை மீதி வைக்கிறான். என்னதான் செய்வது?

ஐயா, "எங்கே போகலாம்" என்ற கேள்விக்கு அந்த வயதுப் பிள்ளைகளால் பதில் சொல்ல முடியாது. அப்பாவுக்கு எவ்வளவு செலவாகும் என்று உள்ளுக்குள் கணக்குப் போடும். பிடித்த இடம் விலை கூடுதலாக இருந்தால் வாயே திறக்காது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "ஹாஸ்டலில் கிடைக்காமல் ரொம்ப நாளாக எதுக்கு நாக்கு ஏங்குது?"

எங்கள் விடுதியில் ராமநாதபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா அம்மா வந்து ஒரு பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போனார்கள். பஃபே, முப்பது நாற்பது வகை. திரும்பி வந்தவள் நேராக மெஸ்ஸுக்குப் போய், "அக்கா, கொஞ்சம் ரசஞ்சோறு இருக்கா?" என்று கேட்டாள். மெஸ் அக்கா தட்டில் சோற்றைப் போட்டு ரசம் ஊற்றினார். நின்றபடியே பிசைந்து சாப்பிட்டாள். விசாரித்ததில், மூன்று மாதமாக அவளுக்கு மீன்குழம்பு மேல்தான் ஆசை. அந்த பஃபேயில் மீன் இருந்தது, குழம்பு இல்லை. அப்பா ஆசையாகக் கூட்டிப் போனதால் சொல்ல மனசு வரவில்லையாம். அடுத்த முறை அவளுடைய அம்மாவிடம் நானே சொன்னேன். காந்திபுரத்தில் ஒரு சின்ன மெஸ்ஸுக்குப் போய்விட்டு வந்தார்கள். அன்றைக்கு அவள் வாசலில் இறங்கி வந்த நடையே வேறு.

அதனால் முதலில் பண்டம், பிறகு ஓட்டல். பரோட்டா சால்னா என்று சொன்னால் பரோட்டா கடைக்கே போங்கள்.

சென்னையிலிருந்து ஒரு அக்கா: என் அம்மா அசைவம் பரிமாறும் இடத்தில் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார்கள். மகளுக்கோ பிரியாணி வேண்டும். ஒரே ராத்திரிதான் இருக்கிறது.

ஒரே மேசையில் முடிக்க நினைக்காதீர்கள், இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஐந்தரை மணிக்கு எல்லோரும் அன்னபூர்ணாவுக்குப் போங்கள். சுத்த சைவம், கோயம்புத்தூர்க்காரர்கள் அந்தச் சாம்பாரைக் குடித்தே வளர்ந்தவர்கள். பாட்டி இட்லி, காபி என்று திருப்தியாகச் சாப்பிடட்டும். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வடையைக் கடித்துக்கொண்டு கதை சொல்லட்டும். பிறகு பாட்டியைத் தங்கும் அறையில் விட்டுவிட்டு, எட்டு மணிக்கு நீங்களும் மகளும் பிரியாணிக்குப் போங்கள். அம்மாவும் மகளும் மட்டும் தனியாக உட்காரும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பல பெண்கள் மனசில் இருப்பதைச் சொல்வார்கள்.

சைவமும் அசைவமும் தனித்தனிச் சமையலறை என்று சில இடங்களில் சொல்வார்கள். உங்கள் அம்மாவின் பழக்கத்துக்கு அது போதாது. சமாதானம் சொல்லிக் கூட்டிப் போய்விட்டு அவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பேத்திக்கும் பிரியாணி இறங்காது.

திருவாரூரிலிருந்து ஒரு அப்பா: கொங்கு நாட்டுச் சாப்பாடு என்றால் என்ன கேட்டு வாங்க வேண்டும்? எல்லா ஊரிலும் கிடைப்பதையே இங்கேயும் சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது என்று நினைக்கிறேன்.

நல்ல எண்ணம். பள்ளிபாளையம் சிக்கன் கேளுங்கள். சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு மூன்றும்தான் அதற்கு உயிர். மசாலாப் பொடி அதிகம் போட மாட்டார்கள். தேங்காய்ச் சில்லு வதங்கி ஓரம் லேசாகச் சிவந்திருந்தால் கைப்பக்குவம் தெரிந்தவர் செய்தது. குழம்பு மாதிரி கொழகொழவென்று வந்தால் பெயர் மட்டும்தான் பள்ளிபாளையம். ஈரோட்டில் தொடங்கிய ஜூனியர் குப்பண்ணா கோவையிலும் இருக்கிறது, இந்த வகைக்கு அங்கே போகலாம். சைவம் என்றால் அரிசியும் பருப்பும் சோறு. இங்கே வீடுகளில் அரிசிம்பருப்பு என்பார்கள். சுடச்சுட, மேலே நெய் ஊற்றி, தொட்டுக்கொள்ளத் தயிர். கொள்ளு ரசம் இருந்தால் விடாதீர்கள். இடியாப்பம் மாதிரி பிழிந்து செய்யும் சந்தகை எல்லா ஓட்டலிலும் கிடைக்காது, கேட்டுப் பாருங்கள்.

நாமக்கல்லிலிருந்து ஒரு அண்ணன்: தங்கைக்கு விடுதி வாசல் சீக்கிரமே மூடிவிடும். ராத்திரிச் சாப்பாடு என்பதற்கே வழியில்லை.

அப்படியானால் மதியச் சாப்பாடாக மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி. வார்டனாக இருந்தவள் சொல்கிறேன்: அரைமணி தாமதமாக வந்துவிட்டு வாசலில் கெஞ்சுவது அந்தப் பெண்ணுக்குத்தான் அவமானம். நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், கையெழுத்துப் போட்டு விளக்கம் எழுதிக் கொடுப்பது அவள்தான். விடுதியிலிருந்து வெளியே போக வாங்கும் அனுமதிச் சீட்டான அவுட்பாஸுக்கு இரண்டு நாள் முன்பே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெற்றோர் நேரில் வந்து கேட்டால் சில விடுதிகளில் ஒரு ராத்திரி வெளியே தங்கவும் அனுமதிப்பார்கள். அண்ணன் வந்தால் விடுவார்களா என்பது அந்தந்த விடுதியைப் பொறுத்தது. அம்மாவையும் கூட்டி வந்தால் பேச்சே இல்லை.

மதுரையிலிருந்து ஒரு அம்மா: மகனின் அறைத்தோழர்களையும் கூப்பிட வேண்டுமா? நாங்களே நாலு பேர்.

ஒருவரையாவது கூப்பிடுங்கள். யாரைப் பார்க்க வீட்டிலிருந்து யாரும் வருவதில்லையோ, அந்தப் பிள்ளையை. அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து படிக்கிற பிள்ளைகள் இந்த ஊரில் உண்டு. செமஸ்டர் முழுக்க அவர்களைத் தேடி எந்த வண்டியும் வராது. ஆனால் கூப்பிடுவதை முந்தின நாளே மகன் வாயால் சொல்ல வையுங்கள். வாசலில் வைத்துத் திடீரென்று கூப்பிட்டால் கூச்சத்தில் மறுத்துவிடுவார்கள். மேசையில் அந்தப் பிள்ளையிடம் மெனு அட்டையைக் கொடுக்காதீர்கள். விலையைப் பார்த்து வெறும் தோசை என்று சொல்லிவிடும். நீங்களே நடுவில் வைத்துப் பகிர்கிற மாதிரி ஆர்டர் கொடுத்து, முதலில் அந்தத் தட்டில் வையுங்கள்.

விழுப்புரத்திலிருந்து ஒரு அப்பா: கையில் சாப்பாட்டுக்கென்று 2,000 ரூபாய். ஐந்து பேர். பெரிய ஓட்டலுக்குப் போய் மாட்டிக்கொள்வோமோ என்று பயம்.

பயப்பட ஒன்றுமில்லை ஐயா. போகும் முன்பு மெனுவை போனில் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 1,800 ரூபாய்க்குச் சாப்பிட்டால் வரியோடு 1,890. அறை வாடகை அதிகமான பெரிய நட்சத்திர ஓட்டல்களில் 18 சதவீதம் வரும், அதனால் அந்தப் பக்கம் போக வேண்டாம். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை இருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொன்னதை, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் உறுதிசெய்திருக்கிறது. மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் பிள்ளை எதிரில் சத்தம் போட வேண்டாம். கல்லாவுக்குப் போய்த் தணிவாகக் கேளுங்கள்.

மீதி 110 ரூபாயில் பரிமாறியவருக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சேலத்திலிருந்து ஒரு அம்மா: மகள் ரோட்டோரக் காளான் கடைக்குத்தான் போகணும் என்கிறாள். அவள் அப்பாவுக்கு இஷ்டமில்லை.

போங்கள் அம்மா. கோயம்புத்தூர்க் காளான் என்பது மாலையில் தள்ளுவண்டியில் பெரிய கல்லில் கிளறுவது. முட்டைக்கோசு சேர்ந்திருக்கும், மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவிக் கொடுப்பார்கள். தோழிகளோடு அவள் சிரித்துப் பேசும் இடம் அது. அந்த இடத்தை உங்களுக்குக் காட்டணும் என்று ஆசைப்படுகிறாள். கல் நன்றாகச் சூடாக இருக்கிறதா, கண்ணெதிரே கிளறித் தருகிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஆளுக்கு ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு, அப்பாவுக்குப் பிடித்த ஓட்டலில் ராத்திரிச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளலாம்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெரியவர்: எனக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறேன். பேரனோடு வெளியே சாப்பிட என்ன முறை?

ஐயா, வீட்டில் சாப்பிடும் நேரத்திலேயே ஓட்டலிலும் சாப்பாடு வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். இன்சுலினைப் போட்டுக்கொண்டு கூட்டத்தில் மேசைக்குக் காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடும், அதுதான் ஆபத்து. இடம் கிடைத்து, ஆர்டர் கொடுத்து, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுக்கொண்டு, உங்கள் மருத்துவர் சொன்ன கணக்குப்படி போடுங்கள். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். சாப்பிட்ட பிறகு நடக்க ரேஸ்கோர்ஸ் சாலை இருக்கிறது. ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர், மரநிழலும் உட்கார பெஞ்சும் உண்டு. பேரனோடு பாதிச் சுற்றுப் போனாலும் போதும்.

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு அம்மா: போன தடவை நல்ல ஓட்டல்தான். ஆனால் நடுவில் அவர் அரியர் பற்றிக் கேட்டார். பொண்ணு கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டாள். இந்தத் தடவை எந்த ஓட்டலுக்குப் போனால் சரியாக இருக்கும்?

எந்த ஓட்டலுக்குப் போனாலும் இலை போட்ட பிறகு மதிப்பெண் பேச்சு வேண்டாம். மறுநாள் காலையில் டீ குடிக்கும்போது கேளுங்கள், சொல்வாள். ஓட்டல் என்று பார்த்தால், டிவி ஓடாத, பாட்டுச் சத்தம் இல்லாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். எதிரும் புதிருமாக இல்லாமல் மகள் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். எதிரில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு அது விசாரணை மாதிரி ஆகிவிடும். 19 ஆண்டுகளில் அழுதுகொண்டே படியேறின பிள்ளைகளை நான் எண்ணியதில்லை. பெரும்பாலும் அவர்கள் கையில் பிரிக்காத ஒரு பார்சல் இருக்கும்.

எட்டிமடையில் மகளைச் சேர்த்திருக்கும் ஒரு அப்பா: அமிர்தா வளாகத்துக்குள் சைவம்தான். ராத்திரி ஊருக்குள் கூட்டி வந்து அசைவம் வாங்கிக் கொடுக்கலாமா?

ஊருக்குள் வர ஏறக்குறைய 20 கிலோமீட்டர், பாலக்காடு சாலை. ராத்திரி வேண்டாம், ஞாயிறு மதியம் வாருங்கள். மீந்த அசைவத்தைப் பொட்டலம் கட்டி வளாகத்துக்குள் கொடுத்தனுப்பாதீர்கள்.

சென்னையிலிருந்து ஒரு அப்பா: அதே ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் திரும்புகிறோம். ஸ்டேஷன் பக்கம் சாப்பிட்டுவிட்டு, மகனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடலாமா?

ஸ்டேஷனுக்கு எதிரே கீதா ஹால் ரோடு பக்கம் சாப்பிட இடம் உண்டு, அவசரத்துக்குச் சரி. ஆனால் நான் சொல்வது வேறு. ஏழு மணிக்கு அவனுடைய கல்லூரிப் பக்கமே உட்கார்ந்து சாப்பிடுங்கள். அப்புறம் அவனை விடுதி வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, நீங்கள் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போங்கள். உங்களுக்கு ரயிலில் சாப்பிட இரண்டு இட்லி பார்சல் வாங்கினால், அவன் அறைக்கும் ஏதாவது ஒன்று வாங்கிக் கொடுங்கள். அறையில் மூன்று பேர் என்றால் மூன்று பேருக்கும் வருகிற அளவுக்கு.