அஞ்சல்தலை இல்லாத கடிதம் போலியா?

கேள்வி: இணைய ஏலத்தில் 1842 தேதியிட்ட கடிதம் ஒன்று வந்திருக்கிறது. நண்பர் அனுப்பிய கைத்தடிக்கு நன்றி சொல்லி, தன் பயணத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார் ஓர் அமெரிக்க செனட்டர். உறையும் இல்லை, அஞ்சல்தலையும் இல்லை. வாங்கலாமா?

பதில்: இல்லாத அந்த இரண்டும் சாதகம்தான். அமெரிக்காவின் முதல் பொது அஞ்சல்தலைகள் வெளிவந்ததே 1847 ஜூலையில். 1845 வரை கட்டணம் தாள் கணக்கு. உறையும் ஒரு தாளாகிவிடும். ஆகவே பெரிய தாளை இரண்டாக மடித்து, மூன்று பக்கம் எழுதி, நாலாம் பக்கம் வெளியே தெரிய மடித்து, அரக்கு வைத்து முகவரி எழுதினார்கள். செனட்டருக்குத் தபால் இலவசம் என்றாலும் பழக்கம் இதுவே. அவர் முகவரிப் பக்கத்தின் மேல்மூலையில் கையெழுத்திடுவார், அதுதான் கட்டணம்.

கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் அரக்கு இருந்த இடம். கடிதத்தைப் பிரிக்கும்போது அங்கே தாள் கிழிந்து, எழுத்தும் சேர்ந்து போயிருக்கும். வரிகள் அந்த ஓட்டையைச் சுற்றி ஒதுங்கிப் போனால், பழைய வெற்றுத்தாளில் பின்னால் எழுதியதாக இருக்கலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அடுத்து மை. அன்றைய வழக்கம் இரும்பு உப்பும் மாசிக்காயும் சேர்த்த மை. பத்து மடங்கு லென்ஸில், கோடுகள் வெட்டும் இடம் அடர்ந்தும், மை தாளுக்குள் இறங்கியும் தெரிய வேண்டும். எங்கும் ஒரே அடர்த்தி என்றால் அச்சுப் பிரதி. 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் இருபதாம் நூற்றாண்டுக் காகிதம்.

பரிசும் கடிதமும் பொருந்தவில்லை என்று மட்டும் ஒதுக்காதீர்கள். இரண்டும் தனித்தனியாகவே பயணம் செய்தன. 1812 ஜனவரி 1 அன்று முன்னாள் அமெரிக்க அதிபர் ஜான் ஆடம்ஸ், 'கைநெசவு இரண்டு துண்டு' அனுப்புவதாக, அவருக்கு அடுத்து அதிபராக இருந்த ஜெஃபர்சனுக்கு எழுதினார். கடிதம் முந்திக்கொண்டது. துணி என்றே நம்பிய ஜெஃபர்சன், வர்ஜீனியாவின் வீட்டு நெசவைப் பற்றி விரிவாகப் பதில் போட்டார். பிறகு வந்து சேர்ந்தவை ஆடம்ஸ் மகனின் சொற்பொழிவு நூல், இரண்டு தொகுதி!

பயணத்தைச் சரிபார்க்க, கடிதத் தலைப்பிலுள்ள ஊரையும் தபால் முத்திரை ஊரையும் ஒப்பிட்டு, அன்று செனட் கூடியிருந்ததா என்று பாருங்கள். கூடியிருந்தும் கடிதம் சொந்த ஊரிலிருந்து என்றால், விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள்.

வாங்கினால் லேமினேஷன் வேண்டாம், செலோடேப்பும் வேண்டாம். பாலியெஸ்டர் உறையில் வைத்து, ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் ஏறினால் இந்த மை தாளை அரித்துவிடும்.