மறு: அணு உலையைச் சூழ்ந்த காப்புக் கட்டடக் காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காடா, 8 விழுக்காடா?

வணக்கம் தம்பி. விபத்துக்குப் பிந்தைய காற்று மாதிரியில் ஆய்வுக்கருவி 8 விழுக்காடு ஹைட்ரஜன் காட்டுகிறது, உங்கள் கணக்கோ 4 என்கிறது, எது பிழை என்று பினாங்கிலிருந்து கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான்.

கட்டடத்தின் உள்ளே 120 பாகை செல்சியசில் நிறைநிலை நீராவி, அதாவது அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய உச்ச அளவு நீராவி, ஏறத்தாழ 2 பார் அழுத்தம் தரும். மொத்த அழுத்தம் 4 பார் என்றால் பாதி நீராவியே. கருவிக்குச் செல்லும் முன் மாதிரியைக் குளிர்வித்து நீரைப் பிரித்துவிடுவதால், எஞ்சிய உலர்காற்றில் ஹைட்ரஜனின் பங்கு இரட்டிப்பாகத் தெரிகிறது. ஆகவே மாதிரி எடுத்த கணத்தின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் குறிக்காத அறிக்கையை நான் ஏற்கமாட்டேன்.

இருப்பினும் 8 என்பதை ஒதுக்கிவிடாதீர்கள். இப்போது நீராவி தீப்பற்றுதலைத் தடுத்தாலும், நீர்த்தெளிப்பு அதைக் குளிரவைத்ததும் உள்ளிருக்கும் காற்று அந்த அளவை நோக்கியே நகரும். அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று, விபத்து தொடங்கிச் சுமார் 10 மணி நேரத்தில் ஹைட்ரஜன் எரிந்ததை மறக்கலாகாது.

கதிரியக்க அயோடின் அளவீடு வேறு சிக்கல். குளிரறையிலிருந்து கோலாலம்பூர் வெயிலுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியில் நீர் பூப்பதுபோல, சூடேற்றப்படாத மாதிரிக் குழாயின் உட்சுவரில் நீராவி படிந்து அயோடினையும் பிடித்துக்கொள்ளும். அளவு குறைவாகத் தெரியும். குழாயைச் சூடாகவே வைத்திருங்கள். வடிகட்டியில் கரிக்குப் பதில் வெள்ளி ஏற்றிய சியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தைக் குறிப்பிடுங்கள். கரி, கதிரியக்க வாயுவான செனானையும் பிடித்து, கதிர்வீச்சு எண்ணிக்கையைக் குழப்பிவிடும்.