ஆராய்ச்சிக்கென்று கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். புற்றுநோயால் இறந்த என் தாயாரின் நினைவாக, கோவைப் பகுதியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையின் புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்கு 2024 ஜூலையில் 50,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பினேன். நன்கொடையாளருக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி பிரிவின் எண்ணுடன் ரசீது வந்தது. என்ன ஆராய்ச்சி நடந்தது என்று பிறகு கேட்டபோது, “வருமான வரித் துறைக்குக் கணக்குக் கொடுக்கிறோம், உங்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை” என்று நிர்வாக அலுவலர் சொல்லிவிட்டார். இது சரிதானா? இன்னொரு 50,000 ரூபாய் தருவதாக ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். தரலாமா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த அலுவலர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நன்கொடையாளர் கேட்டவுடன் கணக்கைக் காட்டியாக வேண்டும் என்று மருத்துவமனை அறக்கட்டளைகளைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் தமிழ்நாட்டிலும் இல்லை, கேரளத்திலும் இல்லை. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகளைக் கண்காணிப்பதற்கென்றே ஓர் ஆணையர் இருக்கிறார். இங்கே அந்த வேலையில் பெரும்பகுதி வருமான வரித் துறையின் தலையில்தான் விழுகிறது. அத்துறையோ வரிவிலக்குக்குத் தகுதி உண்டா என்பதைத்தான் முதன்மையாகப் பார்க்கும். ஆண்டு வருமானத்தில் 85 சதவீதமாவது அறநோக்கத்துக்குச் செலவாகியிருக்க வேண்டும் என்பது பொது விதி. உங்கள் பணம் ஆய்வகத்துக்குப் போனாலும், வரவேற்புக் கூடத்தின் சலவைக்கல்லுக்குப் போனாலும், மருத்துவமனையின் செலவு என்ற அளவில் அது அந்த 85 சதவீதத்துக்குள் அடங்கிவிடக்கூடும். ஆகவே 80ஜி எண்ணை நேர்மைக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரசீதைவிட முக்கியமான தாள் ஒன்று உண்டு. 2024-25 நிதியாண்டில் நீங்கள் கொடுத்த நன்கொடைக்கு, 2025 மே 31-க்குள் 10பிஇ என்ற படிவத்தில் அறக்கட்டளை உங்களுக்குச் சான்று தந்திருக்க வேண்டும். வந்திருந்தால், அதில் நன்கொடையின் வகை என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மூலநிதி (செலவழிக்காமல் முதலாக வைக்கும் பணம்), குறிப்பிட்ட நோக்கத்துக்கான மானியம், மற்றவை என்று அதில் பிரிவுகள் உண்டு. ஆராய்ச்சிக்கென்று நீங்கள் எழுதிக் கொடுத்த தொகை ‘மற்றவை’ என்று பதிவாகியிருந்தால், உங்கள் நோக்கம் அவர்களுடைய ஏட்டில் ஏறவே இல்லை என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. வராமலே இருந்தால், ஏன் வரவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். (பழைய வரிமுறையில் கணக்குத் தாக்கல் செய்தால் மட்டுமே 80ஜி கழிவு கிடைக்கும், அதுவும் பொதுவாகத் தொகையில் பாதிக்குத்தான்.)

அடுத்ததாக, தணிக்கை செய்யப்பட்ட ஆண்டறிக்கையைக் கேளுங்கள். நல்ல நிறுவனங்கள் கேட்காமலே இணையதளத்தில் போட்டுவிடுகின்றன. இலவசச் சிகிச்சையில் ஏமாற்றினால் ஊருக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் நோயாளியும் அவர் உறவினரும் சாட்சி. ஆராய்ச்சி நிதிக்கு அப்படிச் சாட்சி யாரும் இல்லை. அதனால்தான் அங்கே கண் அதிகம் வேண்டும் என்கிறேன். இருப்புநிலைக் குறிப்பில் ஆராய்ச்சி நிதி தனித் தலைப்பில் இருக்கிறதா, ஆண்டுத் தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு ஆகியவை அதன் கீழ் தெளிவாக இருக்கின்றனவா, அந்த முடிவு இருப்புக்கு ஈடான வைப்புத்தொகை சொத்துப் பக்கத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். “இன்னும் செலவழிக்கவில்லை” என்பது நேர்மையான பதிலாகவும் இருக்கலாம். நோக்கத்தை அறிவித்து ஐந்தாண்டு வரை பணத்தைச் சேர்த்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது. செலவும் ஆகாமல், இருப்பிலும் தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. அறங்காவலரின் குடும்பத்துக்குச் சொந்தமான கட்டடத்துக்கு வாடகை, உறவினர் நடத்தும் மருந்துக் கடையில் கொள்முதல் போன்றவை சந்தை விலைக்கு மேல் போனால், அந்தத் தொகைக்கு வரிவிலக்கு பறிபோகலாம். ஆடிட்டர் தரும் வரி அறிக்கையில் இத்தகைய கொடுக்கல் வாங்கலுக்குத் தனி இடம் உண்டு.

புதிய மருந்து அல்லது சிகிச்சையை நோயாளிகளிடம் சோதிக்கும் ஆய்வென்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் மருத்துவச் சோதனைப் பதிவேட்டை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆய்வை நடத்துபவர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்ற விவரம் அதில் இருக்கும். ஆய்வகத்துக்குள்ளேயே நடக்கும் ஆராய்ச்சி அதில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மருத்துவமனைக்கு அரசுப் பணம் கணிசமாக வருகிறது என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உதவும். அரசு நிதியில் பெருமளவு நடக்கும் தொண்டு நிறுவனங்களும் அச்சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனமானால், அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இவை எதற்கும் பதில் வராமல், பணம் தவறாகப் போயிருப்பதற்கு ஆதாரமும் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு இருக்கிறது. பொது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ நீதிமன்ற அனுமதி பெற்று, கணக்குக் காட்டச் சொல்லி வழக்குத் தொடரலாம். நீங்கள் கேரளத்தில் வசிப்பது இதற்குத் தடையில்லை. அறக்கட்டளையின் சொத்து இருக்கும் இடத்து நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வழி இது. சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம்.

இரண்டாவது 50,000 ரூபாயை இப்போது கொடுக்காதீர்கள். முந்தைய தொகைக்கான 10பிஇ சான்று, கடந்த ஆண்டின் தணிக்கைக் கணக்கு, ஆராய்ச்சியின் பெயரும் பொறுப்பாளரின் பெயரும் குறித்த ஒரு கடிதம் ஆகியவற்றைப் ஸ்பீடு போஸ்டில் கேட்டு, ஒரு மாதம் பொறுத்திருங்கள். வந்தால், நோக்கத்தைக் குறிப்பிட்ட கடிதத்தோடு வங்கி வழியாகவே கொடுங்கள். வராவிட்டால், கணக்கை வெளியிடும் வேறொரு மருத்துவமனைக்கு உங்கள் தாயாரின் பெயரால் கொடுங்கள்; வாய்மொழியாக ஒப்புக்கொண்டதை மீறினோமே என்று வருந்த வேண்டியதில்லை.