சூரியன் அடங்கியிருக்கும் காலத்தில் சூரியக் காற்று நின்றுவிடுமா?

நிற்காது. சூரியக் காற்று என்பது நாம் சுவாசிக்கிற காற்று அல்ல. சூரியனின் வெளி மண்டலமான கொரோனா பத்து லட்சம் டிகிரி அளவில் கொதிக்கிறது, அந்தச் சூட்டில் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் சூரியனின் ஈர்ப்பை மீறி எந்நேரமும் வெளியே பாய்ந்துகொண்டே இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை, சூரியன்மேல் கருந்திட்டுகளாகத் தெரியும் சூரியப் புள்ளிகள் குறைந்து சூரியன் அடங்கும். சூரியனில் வெடித்துக் கிளம்பும் புயல்கள் அரிதாகும். ஆனால் சூரியனின் துருவப் பகுதிகளில் காந்தக் கோடுகள் விண்வெளியை நோக்கித் திறந்தே கிடப்பதால், அங்கிருந்து நொடிக்குச் சுமார் 750 கி.மீ. வேகத்தில் காற்று வந்துகொண்டுதான் இருக்கும். 2008-09ல் இந்த அமைதி வழக்கத்தைவிட நீண்டுபோனது. அப்போது யுலிசிஸ் விண்கலம் அளந்ததில், காற்றின் அழுத்தம் 1990களின் நடுப்பகுதியைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு. வேகம் பெரிதாக மாறவில்லை, அடர்த்திதான் இறங்கியிருந்தது.

சரி, இதனால் நமக்கு என்ன? தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லையில் பரண் போட்டு ராத்திரி முழுக்கத் தகரம் தட்டுகிற ஆள் கொஞ்சம் கண்ணசந்தால் யானை உள்ளே வந்துவிடும் அல்லவா, அதே கதைதான் இங்கும். சூரியக் காற்றும் அது சுமந்து வரும் காந்தப்புலமும் பலம் குறைந்தால், சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், அதாவது உடலுக்குக் கேடான அதிவேகத் துகள்கள், கூடுதலாக உள்ளே நுழையும். 2009ன் இறுதியில் அவை அதுவரை விண்வெளி யுகத்தில் பதிவாகாத உச்சத்தைத் தொட்டன.

ஆகவே ‘சூரியன் அமைதி, விண்வெளி வீரர்களுக்கு ஆபத்தே இல்லை’ என்று பலர் நினைப்பது தவறு: புயல் பயம் குறையும், காஸ்மிக் கதிர் பயம் கூடும்.