முதல் டாட்டூ போடும் முன் என்ன கவனிக்க வேண்டும்?

முந்தைய 24 மணி நேரம் மது வேண்டாம். ரத்தக் கசிவு கூடும், மை சரியாகப் பதியாது. முதல்முறை ஆட்களைக் கவிழ்ப்பது வலியைவிட மயக்கம்தான், அதனால் ஓரிரு மணி நேரம் முன்பு வயிறாரச் சாப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். டாட்டூ போடும் இடத்து முடியை வீட்டில் மழிக்காதீர்கள். கீறல் விழுந்த தோலிலும் வெயிலில் கன்றிய தோலிலும் போடக்கூடாது.

ஸ்டென்சிலை (ஊசி போடும் முன் தோலில் பதிக்கும் மாதிரி வரைபடம்) ஒட்டியதும் இடமும் சாய்வும் சரியா என்று கண்ணாடியில் பாருங்கள். பெயர் என்றால் போட்டோ எடுத்து எழுத்தெழுத்தாக வாசியுங்கள். விடுபட்ட ஒற்றும் நிரந்தரம்தான்! பிடிக்காவிட்டால் அழித்து மறுபடி ஒட்டச் சொல்லலாம். ஊசி உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்வதும் தப்பில்லை. இன்னொரு கலைஞர் வரைந்ததை அப்படியே நகலெடுக்கக் கேட்பதுதான் மரியாதைக் குறைவு.